கதிரையும் கணக்கும்: ஊர் மட்ட இளைஞர் அமைப்பொன்றின் தலைமைத்துவமும் ஆளுகையும்

திருகோணமலை மாவட்டத்தில் எந்த ஊருக்குப் போனாலும் அங்கே ஐந்தாறு சங்கங்களாவது இயங்கிக்கொண்டிருக்கும். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், மரண சகாய சங்கம், ஆலய பரிபாலன சபை, பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை, விளையாட்டுக் கழகம் என்று அந்த வரிசை நீளும். இளைஞர் யுவதிகள் தாமே ஒன்றுகூடி, தமது கல்வியையும் தொழில் வாய்ப்பையும் ஊரின் பொதுக் காரியங்களில் தமக்குரிய குரலையும் வளர்த்துக்கொள்வதற்காக அமைக்கும் சங்கத்தையே சமூக மட்ட இளைஞர் வலுவூட்டல் அமைப்பு என்கிறார்கள். அத்தகைய ஒன்றைத் தொடங்க நினைப்பவர்களுக்காகவும், இருக்கும் ஒன்றில் முதன்முறையாகப் பதவி ஏற்றிருப்பவர்களுக்காகவும் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

தலைமைத்துவம், ஆளுகை என்னும் இரண்டு சொற்களும் பயிற்சிப் பட்டறைகளில் பெரும்பாலும் சேர்த்தே உச்சரிக்கப்படுவதால், இரண்டும் ஒன்றுதான் என்ற எண்ணம் பலரிடம் பதிந்துவிடுகிறது. இவற்றின் வேறுபாட்டைப் புரிந்துகொள்ளக் கந்தளாய்க் குளத்து நீரை நம்பி வேளாண்மை செய்யும் தம்பலகாமத்து வயல்வெளியைப் பார்த்தால் போதும். ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் விவசாயிகளும் உரிய திணைக்களங்களின் உத்தியோகத்தர்களும் ஆரம்பக் கூட்டத்தில் கூடுகிறார்கள். குளத்தில் இருக்கும் நீரை வைத்து எத்தனை ஏக்கர் செய்யலாம், வாய்க்காலில் எந்தத் தேதியில் நீர் திறக்கப்படும், விதைப்பை எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும், கால்நடைகளை எப்போது வெளியேற்ற வேண்டும் என்பவை அங்கே தீர்மானிக்கப்படுகின்றன. தீர்மானம் ஆன பிறகு பத்து ஏக்கர்க்காரரும் அரை ஏக்கர்க்காரரும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். நள்ளிரவில் வாய்க்கால் கட்டு வழியே நடந்து நீர் கடைசி வயலுக்கும் போகிறதா என்று பார்ப்பதும், மேட்டுக்காரருக்கும் பள்ளத்துக்காரருக்கும் இடையே சண்டை மூளாமல் பேசித் தீர்ப்பதும் வட்டவிதானையாரின் வேலை. அவருடைய பொறுமையும் பேச்சும் துணிவும் தலைமைத்துவம். அவரைத் தெரிவு செய்யும் முறையும், அவர் எதைச் செய்யலாம் எதைச் செய்யக் கூடாது என்ற வரையறையும், எல்லாரையும் கட்டுப்படுத்தும் கூட்டத் தீர்மானமும் ஆளுகை. நல்ல வட்டவிதானையார் இருந்தும் கூட்டம் இல்லையென்றால் நீர் பலம் உள்ளவரின் வயலுக்கே போகும். கூட்டம் முறையாக நடந்தும் விதானையார் சோம்பேறியானால் கடைசி வயல் காயும்.

இளைஞர் அமைப்புக்கும் இவ்விரண்டும் வேண்டும். ஆனால் வேறு எந்தச் சங்கத்துக்கும் இல்லாத ஒரு சிக்கல் இளைஞர் அமைப்புக்கு உண்டு. இலங்கையின் 2014 ஆம் ஆண்டுத் தேசிய இளைஞர் கொள்கை 15 முதல் 29 வயது வரையானவர்களையே இளைஞர் என்று வரையறுக்கிறது. அப்படியானால், அங்கத்தவர் ஒவ்வொருவரும் சேரும் நாளிலேயே வெளியேறும் நாளையும் கையோடு கொண்டுவருகிறார். அந்த நாள் வருவதற்கு முன்பே உயர்தரப் பரீட்சை, பல்கலைக்கழகம், கொழும்பில் வேலை, வளைகுடா நாடுகளில் வேலை, திருமணம் என்று ஏதோ ஒன்று பலரை அழைத்துக்கொள்கிறது. மரண சகாய சங்கத்தில் ஒருவர் இருபத்தைந்து ஆண்டுகள் செயலாளராக இருக்கலாம். இளைஞர் கழகத்தில் ஒரு செயலாளர் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இருப்பதே அரிது. ஆகவே இளைஞர் அமைப்பின் தலைவருக்குரிய வேலைகளுள் முதன்மையானது, தான் அமர்ந்திருக்கும் கதிரையை அடுத்தவருக்குத் தயார்செய்வது என்பது என் உறுதியான கருத்து. கீழே சொல்லப்படும் யாப்பு (அமைப்பின் எழுத்து விதிகள்), கூட்டறிக்கை, காசேடு (வரவு செலவு எழுதும் புத்தகம்) எல்லாம் அந்தக் கைமாற்றத்துக்காகவே இருக்கின்றன என்று கொண்டால் அவை சலிப்பூட்டும் காகித வேலையாகத் தோன்றமாட்டா.

நான் இளவயதில் அங்கம் வகித்த கழகம் ஒன்று நகருக்கு வடக்கே ஒரு கடலோர ஊரில் இருந்தது. மாலை நேர வகுப்பு, சிரமதானம், தைப்பொங்கல் விளையாட்டுப் போட்டி என்று நன்றாகவே நடந்தது. எங்கள் பொருளாளர் நேர்மையானவர். கணக்கை எல்லாம் தன் நினைவிலும் ஒரு சிறிய கொப்பியிலும் வைத்திருந்தார். ஒருநாள் அவருக்கு வெளிநாட்டு வேலைக்கான விசா வந்தது; நான்கு நாளில் புறப்பட்டுவிட்டார். வங்கிப் புத்தகம் அவர் வீட்டில் எங்கே இருக்கிறது என்று அவருடைய தாயாருக்குத் தெரியவில்லை. பற்றுச்சீட்டுகள் பாதி கிடைத்தன, பாதி கிடைக்கவில்லை. விளையாட்டுப் போட்டிக்குப் பணம் கொடுத்த கடைக்காரர்கள் கேட்டபோது எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் ஒரு சதமும் எடுக்கவில்லை என்பதை அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். ஆனால் என் நம்பிக்கை கடைக்காரருக்குக் கணக்கு ஆகாது. கழகம் இரண்டு ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. அந்தப் பொருளாளருடைய பெயரும் ஊரில் காரணமின்றிக் கெட்டது. ஒழுங்கான கணக்கு கழகத்தின் பணத்தைக் காப்பதோடு அதை வைத்திருப்பவரின் மானத்தையும் காக்கிறது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

இனி, அமைப்பின் உடலைப் பார்ப்போம். எல்லா அங்கத்தவரும் சேர்ந்தது பொதுச்சபை; அமைப்பின் இறுதி அதிகாரம் அதனிடமே இருக்கிறது. ஆண்டு முழுவதும் ஒவ்வொரு காரியத்துக்கும் எல்லாரையும் கூட்ட இயலாது என்பதால், பொதுச்சபை தன் அதிகாரத்தின் ஒரு பகுதியை நிர்வாகக் குழுவிடம் ஒப்படைக்கிறது. தலைவர், உப தலைவர், செயலாளர், உப செயலாளர், பொருளாளர் ஆகிய பதவியாளரும் சில குழு உறுப்பினரும் அதில் இருப்பர். அதிகாரம் கீழிருந்து மேலே கொடுக்கப்படுகிறது. கணக்கும் விளக்கமும் மேலிருந்து கீழே திரும்பி வர வேண்டும். வருடாந்தப் பொதுக் கூட்டம் என்பது அந்தத் திரும்பி வரும் நாள். அன்று செயலாளர் ஆண்டறிக்கையையும் பொருளாளர் கணக்கறிக்கையையும் வாசித்து, சபை கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, அவை ஏற்கப்பட்ட பின்னரே புதிய தெரிவு நடைபெற வேண்டும். பல இடங்களில் முதலில் தெரிவு, பிறகு நேரம் இருந்தால் கணக்கு என்று வரிசை மாறிவிடுகிறது. அது சிறிய பிழை அன்று. பழைய குழு பதில் சொல்லாமலே வீட்டுக்குப் போய்விடுகிறது.

இவை அனைத்தையும் எழுத்தில் வைத்திருப்பது யாப்பு. பக்கத்து ஊர்க் கழகத்தின் யாப்பை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளும் வழக்கம் பரவலாக இருக்கிறது. முழுவதையும் பிரதி செய்தாலும், சில விடயங்களையேனும் நீங்களே உட்கார்ந்து பேசித் தீர்மானிக்க வேண்டும். அங்கத்தவராக யார் சேரலாம், எத்தனை வயதில் விலக வேண்டும். கூட்டத்துக்கு எத்தனை நாள் முன்னறிவித்தல் வேண்டும். எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும், அதாவது கோரம் எவ்வளவு. ஒருவர் ஒரே பதவியை எத்தனை முறை தொடர்ந்து வகிக்கலாம். பதவியாளர் இடையில் ஊரை விட்டுப் போனால் என்ன செய்வது. கோரத்தை மிக உயர்வாக வைத்தால் கூட்டமே நடக்காது; நாற்பத்தைந்து அங்கத்தவர் உள்ள கழகத்தில் முப்பது பேர் வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டு, பெரும்போகத்து வேலைக்காலத்தில் பன்னிரண்டு பேரோடு விழித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. மிகத் தாழ்வாக வைத்தால் நான்கு நண்பர்கள் ஒரு மாலையில் கூடி எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுவார்கள். மூன்றில் ஒரு பங்கு என்பது பல சிறு சங்கங்களுக்குத் தாங்கக்கூடிய அளவு. ஒரே பதவியைத் தொடர்ந்து இரண்டு முறை மட்டுமே வகிக்கலாம் என்ற வரம்பு வைப்பதை நான் வலியுறுத்துவேன். திறமையான தலைவரை இழக்க மனம் வராதுதான். ஆனால் அவர் தொடர்ந்து இருக்கும் ஒவ்வோர் ஆண்டும் பின்னால் வரவேண்டிய ஒருவர் கற்றுக்கொள்ளாமல் வயதைக் கடக்கிறார்.

கூட்டறிக்கை பற்றியும் ஒரு சொல். யார் என்ன பேசினார்கள் என்று கதை போல எழுதத் தேவையில்லை. தேதி, வந்தவர் பெயர், எடுத்த தீர்மானம், அதை முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், எந்த வேலையை யார் எந்தத் தேதிக்குள் முடிப்பது என்பவை இருந்தால் போதும். அடுத்த கூட்டத்தில் அதை வாசித்துத் திருத்தி உறுதிப்படுத்தித் தலைவர் கையொப்பமிட்ட பிறகே அது சான்றாகிறது.

பணத்துக்கு வருவோம், பெரும்பாலான அமைப்புகள் உடைவது இங்கேதான். அடிப்படை விதி எளியது: ஒரே ஆள் செலவை அங்கீகரித்து, பணத்தையும் கொடுத்து, கணக்கையும் எழுதக் கூடாது. செலவுக்குக் குழு அங்கீகாரம் தர வேண்டும். காசோலையில் இருவர் கையொப்பமிட வேண்டும். அந்த இருவரும் ஒரே வீட்டவராக இருக்கக் கூடாது. காசேட்டை எழுதுபவர் பொருளாளர். ஆண்டிறுதியில் அதைச் சரிபார்க்கும் கணக்காய்வாளர் நிர்வாகக் குழுவில் இல்லாதவர். வந்த காசு ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டு எழுதி, அதை அப்படியே வங்கியில் இட்டு, பின்னர் செலவுக்கு எடுக்க வேண்டும். வந்த காசிலிருந்தே நேரடியாகச் செலவழிப்பது கணக்கைக் குழப்பும் முதற்படி. சில்லறைச் செலவுக்கு ஒரு சிறு தொகையைக் கையில் வைத்துக்கொள்ளலாம். அதன் உச்ச வரம்பை யாப்பில் எழுதிவிடுங்கள். அமைப்பின் பணத்தைப் பொருளாளரின் சொந்தக் கணக்கில் வைப்பதும், திரட்டும் நன்கொடையை ஒருவருடைய கைத்தொலைபேசிக் கணக்குக்கு அனுப்பச் சொல்வதும் இப்போது எளிதாகிவிட்டன. எளிது என்பதற்காகச் செய்யாதீர்கள்.

பணிகளைப் பிரித்து வைப்பது நமக்குப் புதிய எண்ணமும் அன்று. திருக்கோணேச்சர ஆலயத்தின் பணிகள் தானத்தார், வரிப்பத்தார் என்னும் ஊழியக் குடிகளுக்குப் பிரித்து விதிக்கப்பட்டிருந்தன என்பதையும், அவற்றுக்கு மேற்பார்வையாக வன்னிபம் என்னும் பதவி இருந்தது என்பதையும் இந்த மண்ணின் மரபு சொல்கிறது. அங்கே பொறுப்பு குடிவழியாக வந்தது. ஓர் இளைஞர் அமைப்பில் அது வாக்கால் வர வேண்டும், ஆண்டுக்கு ஆண்டு மாறவும் வேண்டும். அந்த வேறுபாட்டை மறக்காமல் மரபை எடுத்துக்கொள்வது நல்லது.

நம் ஊர்களில் கணக்குக் கேட்பதற்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் உறவுமுறை. தலைவரை எல்லாரும் ‘அண்ணா’ என்கிறார்கள், செயலாளர் ‘அக்கா’. பதினெட்டு வயதுத் தம்பி ஒருவன் கூட்டத்தில் எழுந்து, “அண்ணா, அந்த எட்டாயிரம் ரூபாவுக்குப் பில் இருக்கிறதா?” என்று கேட்டால், அண்ணாவின் முகம் வாடுகிறது, பக்கத்தில் இருப்பவர்கள், “அண்ணாவையே சந்தேகப்படுகிறாயா?” என்று அடக்குகிறார்கள். அதன்பிறகு யாரும் கேட்கமாட்டார்கள். இதற்கு மருந்து, கேள்வியை ஆளிடமிருந்து பிரித்து வழக்கமாக்கிவிடுவதே. ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் கணக்கு வாசிக்கப்படும், காசேடு கைக்குக் கை சுற்றிவரும் என்று விதி இருந்தால், கேட்பவரும் புண்படுத்துவதில்லை, சொல்பவரும் புண்படுவதில்லை. பாசம் பாசமாகவே இருக்கும். கேட்காமலே கணக்கைக் கொண்டுவந்து வைக்கும் தலைவரை நான் பெரிதும் மதிக்கிறேன். அப்படியொருவர் செய்துகாட்டினால் அடுத்த பத்து ஆண்டுகளுக்கு அந்தக் கழகத்தில் அதுவே வழக்கமாகிவிடும்.

இதனோடு ஒட்டிய இன்னொன்று: குழுவில் இருப்பவரின் உறவினர் கடையிலிருந்து பொருள் வாங்குவது. சிற்றூரில் இதை முற்றாகத் தவிர்க்க முடியாது. ரீசேர்ட் அச்சடிக்கும் ஒரே கடை தலைவரின் மைத்துனருடையதாக இருக்கலாம். அந்த உறவை அவர் முதலிலேயே கூட்டத்தில் சொல்லி, அந்தத் தீர்மானம் எடுக்கும் வேளையில் வெளியே போயிருந்து, இது கூட்டறிக்கையிலும் பதியப்பட்டால் குற்றமில்லை. மறைத்தால்தான் குற்றம்.

வலுவூட்டல் என்ற சொல்லுக்கு வருகிறேன். ரோஜர் ஹார்ட் என்பவர் 1992 இல் யுனிசெப் நிறுவனத்துக்காக எழுதியபோது, சிறுவரும் இளையோரும் பொதுக் காரியங்களில் பங்கெடுக்கும் விதத்தை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். கீழுள்ள மூன்று படிகளில் உண்மையான பங்கேற்பு இல்லை: பெரியவர்கள் தம் நோக்கத்துக்கு அவர்களைப் பயன்படுத்துவது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பெயருக்குச் சேர்த்துக்கொள்வது. மேலே ஏற ஏற, விளக்கம் சொல்லி வேலை கொடுப்பது, கருத்துக் கேட்பது, சேர்ந்து தீர்மானிப்பது, இளையோரே தொடங்கி நடத்துவது என்று போகிறது. உச்சிப் படி இளையோர் தாமாகவே செய்வது என்று பலர் எதிர்பார்ப்பார்கள். அது ஏழாவது படிதான். இளையோர் தொடங்கிப் பெரியவர்களோடு தீர்மானத்தைப் பகிர்ந்துகொள்வதை அவர் எட்டாவதாக வைத்தார். நம் ஊர்க் கழகங்களின் போசகரும் ஆலோசகரும் இந்த ஏணியில் எங்கே நிற்கிறார்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஓய்வுபெற்ற அதிபர், கிராம உத்தியோகத்தர், ஆலயத் தலைவர், மௌலவி, பங்குத் தந்தை ஆகியோரின் அனுபவம் பெறுமதியானது. அவர்கள் பேசலாம், எச்சரிக்கலாம், பிரதேச செயலகத்துக்கு உடன் வரலாம். வாக்களிக்கும் உரிமையும் காசோலைக் கையொப்பமும் அவர்களிடம் போனால், அது இளைஞர் பெயரில் நடக்கும் பெரியவர் சங்கமாகிவிடும். தேர்தல் காலத்தில் வரும் அரசியல் நன்கொடைக்கும் இதே அளவுகோலைப் பயன்படுத்தலாம்: கொடுத்த பின்னர் தீர்மானம் யார் கையில் இருக்கும்?

திட்டப் பணமும் அப்படியே. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் எங்கள் கரையோரம் முழுவதும் அமைப்புகள் முளைத்ததைக் கண்டிருக்கிறோம். நிதி தந்தவரின் படிவத்துக்காகவே யாப்பு எழுதியவை, நிதி நின்றவுடன் பெயர்ப்பலகையோடு நின்றுவிட்டன. மாதம் ஐம்பது ரூபா என்றாலும் அங்கத்தவரே தரும் சந்தா அமைப்பில் இருக்க வேண்டும். தன் காசு உள்ள இடத்தில்தான் ஒருவர் கேள்வி கேட்பார்.

குழுவில் யார் அமர்கிறார்கள் என்பது இந்த மாவட்டத்தில் தனியே சிந்திக்க வேண்டிய விடயம். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வாழும் பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகள் இங்கே உள்ளன. ஊர்க்கழகம் ஒரே சமூகத்தவரைக் கொண்டதாக இருப்பது இயல்பு. பல ஊர்களைச் சேர்க்கும் அமைப்பு அப்படி இருக்க முடியாது. வெள்ளிக்கிழமை நண்பகலில் கூட்டம் வைத்துவிட்டு, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் கிண்ணியாவிலிருந்து யாரும் வரவில்லை என்று குறைப்படுவதும், இரவு ஏழு மணிக்கு வைத்துவிட்டு யுவதிகள் ஆர்வம் காட்டுவதில்லை என்று சொல்வதும் நியாயமல்ல. எப்போதும் நகரிலேயே கூடினால் மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள வெருகலில் இருந்து வருபவர் நாள் முழுவதையும் பயணத்தில் செலவழிக்கிறார். இடத்தையும் நேரத்தையும் சுற்றிவரச் செய்தால் வருபவர்களும் மாறுவார்கள். பெண்கள் விடயத்தில் இன்னும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்: அழகான கையெழுத்து என்று சொல்லிச் செயலாளர் பதவியை மட்டும் ஒரு யுவதிக்குக் கொடுத்துவிட்டுத் தேநீரையும் அவரையே ஊற்றச் சொல்லும் அமைப்பு, வலுவூட்டல் என்ற சொல்லைப் பெயர்ப்பலகையில் எழுதத் தகுதியற்றது. தலைமைக் கதிரையிலும் காசோலைக் கையொப்பத்திலும் அவர்கள் இருக்க வேண்டும். ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை 2015 இல் நிறைவேற்றிய 2250 ஆம் இலக்கத் தீர்மானம், மோதல்களைத் தடுப்பதிலும் சமாதானத்தைக் கட்டுவதிலும் தீர்மானம் எடுக்கும் இடங்களில் இளைஞர் இருக்க வேண்டும் என்கிறது. போரைக் கண்ட ஒரு மாவட்டத்தில் அந்த உரிமையைக் கேட்பவர்கள், தமது சொந்தக் குழுவில் அதை மறுக்கக் கூடாது.

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் அங்கத்தவராக இருந்தால், அவர்களோடு பணியாற்றும் பெரியவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும், முறைப்பாடு இருந்தால் யாரிடம் சொல்வது என்பதையும் எழுதிவையுங்கள். பராயமடையாதவர்களை வங்கிக் கையொப்பத்துக்கோ ஒப்பந்தங்களுக்கோ பொறுப்பாக்க வேண்டாம்.

பதிவு செய்யும் வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1979 ஆம் ஆண்டின் 69 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தில் இளைஞர் கழகமாகப் பதியலாம். பிரதேச செயலகத்தில் உள்ள இளைஞர் சேவை உத்தியோகத்தர் வழிகாட்டுவார், ஊர்க்கழகங்கள் பிரதேச, மாவட்ட, தேசிய மட்டச் சம்மேளனங்களோடு இணைகின்றன. சமூகப் பணியை முதன்மையாகக் கொண்டால் 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை நிறுவனங்கள் சட்டத்தின்கீழ்ப் பதியலாம். பெரிய அளவில் நிதி கையாளும் அமைப்புகள் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகின்றன; அதாவது, அங்கத்தவர் தாம் உறுதியளித்த தொகைக்கு மட்டும் பொறுப்பாகும் கம்பனி. அதில் ஆண்டுதோறும் சமர்ப்பிக்க வேண்டிய ஆவணங்களும் செலவும் கூடுதல். தொடங்கும்போதே கம்பனியாக வேண்டும் என்று அவசரப்படத் தேவையில்லை.

கடைசியாகக் கைமாற்றம். புதிய குழு தெரிவானதும் பழைய செயலாளரும் பொருளாளரும் ஒரு பட்டியல் எழுத வேண்டும்: யாப்பின் பிரதி, பதிவுச் சான்றிதழ், அங்கத்தவர் இடாப்பு, கூட்டறிக்கைப் புத்தகங்கள், காசேடு, பயன்படுத்திய பற்றுச்சீட்டுப் புத்தகமும் பயன்படுத்தாததும், காசோலைப் புத்தகம், வங்கிப் புத்தகம், முத்திரை, கடிதக் கோப்பு, மின்னஞ்சல் கடவுச்சொல், கரம்பலகை, ஒலிபெருக்கி, கதிரைகள் என்று எண்ணிக்கையோடு. இரு தரப்பும் அதில் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். பழையவர்கள் முதல் மூன்று மாதம் கூட்டத்துக்கு வந்து, கேட்டால் மட்டும் பதில் சொல்வது நல்ல வழக்கம். வங்கிக் கையொப்பத்தை மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது. அதற்கு வங்கி, புதிய கையொப்பக்காரரின் அடையாள அட்டைப் பிரதிகளோடு, இந்த மாற்றத்தைத் தீர்மானித்த கூட்டத்தின் அறிக்கைப் பிரதியையும் கேட்கும். அந்தத் தீர்மானம் தெரிவு நடந்த அன்றே எழுதப்பட்டுக் கையொப்பமிடப்பட்டிருந்தால், பொருளாளராக இருந்தவருக்கு மறுநாளே விசா வந்தாலும் அவர் நிம்மதியாக விமானம் ஏறலாம்.